வாடகை வீட்ட இன்னொருத்தருக்கு வாடகைக்கு விட்டுட்டு போறவங்களுக்கு, ஹட்டன்ல இருந்து என் அனுபவம்

நம்ம மலையகத்துல இப்ப நெறைய பேர் இத செய்றாங்க. டிரான்ஸ்பர் வந்திருச்சு, இல்ல அம்மாவுக்கு முடியல ஊருக்கு போய் இருக்கணும், இல்ல கொழும்புல ஒரு வருஷம் வேல, ஆனா இருக்குற வாடகை வீட்ட விட மனசில்ல, விட்டா திரும்பி வர்றப்போ அந்த வாடகைக்கு வேற வீடு கெடைக்காது, அதனால தெரிஞ்ச ஒருத்தருக்கு வீட்ட குடுத்துட்டு அவங்ககிட்ட காச வாங்கி ஓனருக்கு கட்டிட்டு இருக்குறது. முக்காவாசி பேரு ஓனருக்கு சொல்றதே இல்ல. சொன்னாலும் "என் சொந்தக்காரங்க கொஞ்ச நாள் இருப்பாங்க"ன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான். நான் இதுல ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன், குடுத்தவளாவும் இருந்திருக்கேன், அதுக்கு பல வருஷம் முன்னாடி அப்பிடி எடுத்து இருந்தவளாவும் இருந்திருக்கேன், அதனால தான் இத இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல எடுத்து இருந்த கதைய சொல்லிடுறேன். பேராதனையில படிக்கிறப்போ கேம்பஸ் ஹொஸ்டல் கெடைக்காத வருஷம் நாங்க பொம்பள புள்ளைங்க கொஞ்சம் பேரு சேர்ந்து பெனிதெனிய பக்கம் ஒரு வீட்டுல ரூம் எடுத்தோம். எங்ககிட்ட காசு வாங்கினவரு தான் ஓனருன்னு நெனச்சிட்டு இருந்தோம். மூணு மாச அட்வான்ஸ், மாசா மாசம் வாடகை, எதுக்கும் துண்டு ஒன்னும் இல்ல. ஒரு நாள் காலைல லெக்சர்ஸ்க்கு கெளம்பிட்டு இருக்கோம், ஒரு வயசான அம்மா ரெண்டு ஆளுங்களோட வந்து நிக்கிறாங்க, அவங்கதான் உண்மையான ஓனர், எங்ககிட்ட வாங்கின ஆளு அவங்களுக்கு பல மாசமா வாடகையே கட்டல, அவருக்கு போன் அடிச்சா ஓஃப். அந்த அம்மா மேல எனக்கு கோவமே வரல, அவங்க முகத்துல எங்கள பாத்ததும் வந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் நெனவிருக்கு, அவங்களுக்கு நாங்க இருக்குறதே தெரியாது. ஆனா எக்ஸாம் நேரத்துல சாமான் சட்டிய தூக்கிட்டு வெளிய வந்தது நாங்கதான். அட்வான்ஸ் காசு போனது போனதுதான். தோட்டத்துல அப்பாவும் அம்மாவும் ஒழச்சு அனுப்பின காசு அது.

அதுக்கு பிறகு தான் இந்த விஷயத்துல சட்டம் என்னா சொல்லுதுன்னு தேடி பாத்தேன். 1972ம் ஆண்டு 7ம் இலக்க வாடகைச் சட்டம்னு ஒன்னு இருக்கு, அதுல 10வது பிரிவு நேராவே சொல்லுது, ஓனரோட சம்மதம் முன்கூட்டியே, அதுவும் எழுத்துல இல்லாம, வாடகைக்கு இருக்குற ஆளு வீட்டையோ வீட்டோட ஒரு பகுதியையோ வேற ஒருத்தருக்கு உப வாடகைக்கு விடக்கூடாது. விட்டா ஓனர் கோர்ட்டுக்கு போயி ரெண்டு பேரையுமே வெளியேத்தலாம், வாடகைக்காரரையும் சரி, அவருக்கு கீழ இருக்குறவரையும் சரி. அதே பிரிவுல இன்னொன்னும் இருக்கு, அது நெறைய பேருக்கு தெரியாது: ஒரு பகுதிய சப்லெட் பண்ணினதா கணக்கு எடுக்கணும்னா அந்த பகுதி தனியா பிரிஞ்சதா இருக்கணும், அங்க இருக்குறவரு வாடகை குடுத்து அத தனக்கு மட்டுமா வச்சிருக்கணும், விட்டவரு அந்த பகுதி மேல தன்னோட கட்டுப்பாட்ட விட்டுக் குடுத்திருக்கணும். நம்ம வீட்டுலயே நம்ம இருந்துக்கிட்டு ஒரு ரூம மட்டும் பாவிக்க குடுக்குறது, அதாவது சாதாரண போர்டிங், அது மட்டுமே சப்லெட் ஆயிடாது. ஆனா இத வச்சு ஓனருக்கு சொல்லாம விடலாம்னு யாரும் நெனைக்காதீங்க, ஏன்னா இந்த சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, பொருந்தாத வீட்டுக்கு உங்க அக்ரிமென்ட்ல என்னா எழுதியிருக்கோ அதுதான் பேசும், ஹட்டன்லயும் நுவரெலியாவுலயும் நான் பாத்த அக்ரிமென்ட் எல்லாத்துலயுமே "வேறொருவருக்கு உப வாடகைக்குக் கொடுக்கக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும். உங்க அக்ரிமென்ட எடுத்து அந்த வரி எங்க இருக்குன்னு பாருங்க. சிங்களத்துலயோ இங்கிலீசுலயோ இருந்தா தெரிஞ்ச ஒருத்தர வாசிச்சு சொல்ல சொல்லுங்க, வெக்கப்பட ஒன்னுமில்ல.

இனி என் வீட்டுக் கதை. ஹட்டன் டவுனுக்கு கொஞ்சம் வெளிய, ஒரு ஹாஜியாரோட வீட்டுல மேல் மாடி. ரெண்டு ரூம், ஒரு ஹோல், குசினி, தனி வாசல், தனி லைட் மீட்டர். நான் படிப்பிக்கிற ஸ்கூலுக்கு நடந்து போற தூரம். எங்க அம்மாவுக்கு பதுளையில சுகமில்லாம போனதும் எனக்கு பதுளை ஸ்கூல் ஒன்னுக்கு ஒரு வருஷத்துக்கு தற்காலிக இணைப்பு கெடைச்சது. ஒரு வருஷம் முடிஞ்சா திரும்பி ஹட்டனுக்கே வரணும். என் புருஷன் வேலைக்கு கட்டார்ல. சாமான் எல்லாத்தையும் லொறியில ஏத்தி பதுளைக்கு கொண்டு போயி திரும்ப கொண்டு வர்ற செலவு, திரும்பி வந்து வீடு தேடுற அலைச்சல், இத எல்லாம் யோசிச்சா வீட்ட வச்சிக்கிறது தான் சரின்னு பட்டுச்சு. ஆனா ஆள் இல்லாத வீட்டுக்கு வருஷம் பூரா வாடகை கட்டவும் வசதி இல்ல.

டிக்கோயா ஆஸ்பத்திரியில வேல செய்ற ஒரு நர்ஸ் தங்கச்சி, புருஷன், அஞ்சு வயசு மகன், மஸ்கெலியா பக்கத்துல இருந்து டவுனுக்கு வர வீடு தேடிட்டு இருந்தாங்க. என் கூட படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தவங்க மூலமா தெரியும். அவங்ககிட்ட நான் ஒன்னும் பேச முன்னாடியே ஹாஜியார் கடைக்கு போனேன். இந்த வரிச முக்கியம்னு நான் நெனைக்கிறேன். மொதல்ல ஆள முடிவு பண்ணிட்டு பிறகு ஓனர்கிட்ட போனா, அவரு முடியாதுன்னு சொன்னா அந்த குடும்பத்துக்கு ஆச காட்டி ஏமாத்தின மாதிரி ஆயிடும், ஓனருக்கும் தன்ன மீறி செஞ்சிட்டாங்கன்னு இருக்கும்.

ஹாஜியார் கேட்டுட்டு கொஞ்ச நேரம் கணக்கு கொப்பிய பாத்துக்கிட்டே இருந்தாரு. "டீச்சர், உங்கள எனக்கு தெரியும், அவங்கள எனக்கு தெரியா. வூட்டுல ஏதும் நடந்தா நான் யாருட்ட வாறது?"

"என்கிட்ட தான் வரணும் ஹாஜியார். வாடகை என் கையால தான் உங்களுக்கு வரும். அத எழுதியே தாரேன்."

"வாயால செல்றத விட எழுதுறது நல்லம் தானே. ஆனா ஒன்னு, ஓட்டு லிஸ்ட்டுல பேர போட்டுட்டு பிறகு வூடு எங்கடன்னு நிக்கப்படாது."

அவரோட பயம் அதுதான். மலையகத்துல வீட்டு ஓனர்மாருக்கு பொதுவாவே இந்த பயம் இருக்கு, பழைய வாடகைக்காரங்கள எழுப்ப முடியாம வருஷக்கணக்கா கோர்ட்டுல கெடந்த கதைகள் எல்லா டவுன்லயும் இருக்கு. அத தப்புன்னு சொல்ல முடியாது. அந்த பயத்த மதிச்சு பேசினா தான் காரியம் நடக்கும்.

லெட்டர நானே எழுதிட்டு போனேன், அவரு வாசிச்சு ரெண்டு எடத்துல திருத்தினாரு, பிறகு கையெழுத்து போட்டாரு. யாருக்காவது உதவும்னு அதோட முக்கியமான பகுதிய அப்பிடியே போடுறேன்:

"எனக்குச் சொந்தமான மேற்படி வீட்டின் மேல் மாடியை, தற்போதைய வாடகைக்காரரான திருமதி ... அவர்கள், ... திகதி முதல் ... திகதி வரை மட்டும், திருமதி ... அவர்களுக்கும் அவரது கணவர், பிள்ளை ஆகியோருக்கும் உப வாடகைக்குக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கிறேன். எனக்கு வாடகை செலுத்தும் பொறுப்பும் வீட்டைப் பாதுகாக்கும் பொறுப்பும் தொடர்ந்தும் வாடகைக்காரருக்கே உரியன. இச்சம்மதம் வேறு எவருக்கும் பொருந்தாது."

அந்த கடைசி வரிய சேர்த்தது ஹாஜியார் தான். பிறகு அந்த வரி தான் எங்கள காப்பாத்துச்சு, அத கீழ சொல்றேன். மூணு கொப்பி, மூணு பேர்கிட்டயும் ஒன்னு ஒன்னு, மூணு பேரோட ஐடென்டி காட் போட்டோகொப்பியும் கூட. நர்ஸ் தங்கச்சிக்கு ஒரு கொப்பி குடுக்கணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். ஏன்னா பெனிதெனியவுல எங்க கையில அப்பிடி ஒரு கடுதாசி இருந்திருந்தா அன்னிக்கு அந்த அம்மாவுக்கு காட்டியிருப்போம்.

திகதி விஷயத்த கொஞ்சம் கவனமா பாருங்க. நம்மகிட்ட இல்லாத காலத்த நம்ம குடுக்க முடியாது. ஹாஜியாரோட என் அக்ரிமென்ட் டிசம்பர்ல முடியுது, அதனால தங்கச்சியோட காலத்த நவம்பர் கடைசியோட முடிச்சேன். ஒரு மாசம் எடவெளி வேணும், வீட்ட சுத்தம் பண்ண, ஒடஞ்சத திருத்த, அவங்க வீடு பாக்க கொஞ்சம் பிந்தினாலும் தாங்க. நோட்டீசும் அப்பிடித்தான், நான் ஹாஜியாருக்கு ரெண்டு மாசம் முன்னுக்கு சொல்லணும்னு இருந்தா, தங்கச்சி எனக்கு சொல்ல வேண்டிய காலம் அதவிட கொறஞ்சு இருக்கக்கூடாது. இல்லன்னா அவங்க ஒரு மாச நோட்டீசுல போயிடுவாங்க, நம்ம ரெண்டு மாச வாடகைக்கு மாட்டிக்கிட்டு நிக்கணும். இன்னொன்னு, ஒரு மாசத்துக்கு மேல போற குத்தகை எதுவா இருந்தாலும் நொத்தாரிஸ் முன்னுக்கு, ரெண்டு சாட்சியோட எழுதினா தான் சட்டப்படி அந்த காலத்துக்கு செல்லும், இது 1840ம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்துல இருந்து வர்ற விஷயம். நொத்தாரிஸ் இல்லாம ஸ்டாம்ப் ஒட்டி எழுதுற கடுதாசிக்கு ஒரு சாட்சியா மதிப்பு இருக்கு, ஆனா "ஒரு வருஷம் எழுப்ப முடியாது"ன்னு அத வச்சு நிக்க ஏலாது, பொதுவா மாசா மாசம் போற வாடகையா தான் பாப்பாங்க. 2023ம் ஆண்டு 1ம் இலக்க சட்டம்னு குத்தகைக்கு விட்ட எடத்த மீட்கிறதுக்கு ஒன்னு வந்திச்சு, காலம் முடிஞ்சும் போகாத ஆள்கிட்ட இருந்து ஓனர் மாவட்ட நீதிமன்றத்துல சுருக்கமான வழியில போய் வீட்ட கேக்க அது வழி குடுத்துச்சு. அதனால இப்ப ஓனர்மார் கூட நொத்தாரிஸ் அக்ரிமென்ட் தான் விரும்புறாங்க. நாங்களும் ஒரு நொத்தாரிஸ் ஐயாகிட்ட போய் தான் எழுதினோம், செலவ நானும் தங்கச்சியும் பாதி பாதி போட்டோம்.

வாடகையில நான் மேல ஒன்னும் வைக்கல. ஹாஜியாருக்கு நான் கட்டுறது எவ்வளவோ அதே தான். சில பேரு அஞ்சாயிரம் பத்தாயிரம் மேல வைக்கிறாங்க, "நான் ரிஸ்க் எடுக்குறேன் தானே"ன்னு சொல்றாங்க. என் மனசுக்கு அது சரியா படல, அதோட நடைமுறையிலயும் சரியில்ல, ஓனருக்கு ஒரு நாள் அந்த வித்தியாசம் தெரிய வர்றப்போ அடுத்த மாசமே உங்களுக்கு வாடகை கூடும், இல்ல அவங்களையே நேரா வச்சிக்கிட்டு உங்கள போக சொல்லுவாரு. நான் ஒரு ரூம பூட்டி என் அலுமாரி, புத்தகம், மெசின் எல்லாம் அதுல வச்சிருந்தேன், அதனால வாடகையில கொஞ்சம் கொறச்சேன் கூட. அவங்களுக்கு முழு வீடு கெடைக்கல, முழு வாடகை வாங்குறது நியாயமில்ல. அட்வான்ஸ் ரெண்டு மாசம் மட்டும். அந்த காச நான் செலவழிக்காம வங்கியில தனி எக்கவுண்டுல போட்டேன். இத எல்லாரும் செய்யணும், ஏன்னா அது நம்ம காசில்ல, திருப்பி குடுக்க வேண்டிய காசு, சீட்டுக் கட்டவும் நகைய மீட்கவும் அதுல கை வச்சா கடைசியில அந்த குடும்பம் நம்ம வாசல்ல வந்து நிக்கும்.

லைட் பில் பத்தி தனியா சொல்லணும். மின்சார சபை பில் வீட்டுப் பாவனைக்கு படி படியா ஏறுது, மாசம் 60 யூனிட்டுக்குள்ள இருந்தா ஒரு கணக்கு, 60 தாண்டினா வேற கணக்கு, பிறகு 90, 120, 180னு ஒவ்வொரு படியிலயும் யூனிட் வெல கூடும், நிலையான கட்டணமும் கூடும். தனித்தனி மீட்டர் இருந்தா பிரச்சின இல்ல. ஆனா தலவாக்கலையில என் சிநேகிதி ஒருத்தி தன்னோட வீட்டுல பாதிய ஒரு குடும்பத்துக்கு விட்டா, ஒரே மீட்டர். தனியா இருந்தப்போ அவ 50 யூனிட் தான், வந்த குடும்பம் 55 யூனிட் தான், ஆனா பில்லுல 105 விழுது, அப்ப 60க்குள்ள இருக்குற சலுகை ரெண்டு பேருக்குமே போயிடுது. பில்ல பாதியா பிரிச்சாலும் அவ முன்ன கட்டினத விட நல்லா கூடத்தான் வந்திச்சு, அதுல வந்த மனஸ்தாபம் இன்னும் தீரல. ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம் இருக்கப் போறதுன்னா சப் மீட்டர் ஒன்னு எலக்ட்ரீசியன வச்சு போட்டு, கூடுற மொத்த காச யூனிட் கணக்குல பிரிக்கிறதுன்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க. நம்ம குளிருக்கு கீசர் வச்சிருக்குற வீடுன்னா அது இன்னும் முக்கியம், யாரு எவ்வளவு நேரம் சுடுதண்ணி குளிச்சாங்கன்னு சண்ட போட ஏலாது.

என் வீட்டுல மீட்டர் தனி, பில் ஹாஜியார் பேருல. ரெண்டு மாசம் தங்கச்சி வீட்டுல பில் கட்டல, புருஷன் த்ரீவீலுக்கு லீசிங் கட்ட பிந்தினதால கைய சுருக்கிட்டாங்க. சிவப்பு நோட்டீஸ் வந்ததும் எனக்கு உடனே தெரிஞ்சது, ஏன்னா எக்கவுண்ட் நம்பர் என்கிட்ட இருந்திச்சு, மாசா மாசம் போன்ல மிச்சம் எவ்வளவுன்னு பாத்துட்டே இருந்தேன். கரண்ட வெட்ட முன்னுக்கு நானே கட்டிட்டு தங்கச்சிக்கு போன் அடிச்சு, அந்த காச மூணு தவணையா வாடகையோட சேர்த்து தாங்கன்னு சொன்னேன். அவ அழுதுட்டா. அழ வைக்க சொல்லல, சின்ன புள்ள இருக்குற வீட்டுல இருட்டு வரக்கூடாதுன்னு தான். அடுத்த மாசத்துல இருந்து வாடகையோட லைட் காசையும் எனக்கே அனுப்பிட்டா, நான் ரெண்டையும் கட்டி ஸ்லிப்ப வாட்சப்புல போட்டுட்டு இருந்தேன். ஓனர் பேருல இருக்குற பில்ல மூணாவது ஆள் கட்டுவாங்கன்னு நம்பி பேசாம இருக்குறது சரிப்படாது.

மகன ஒன்னாம் ஆண்டுக்கு சேர்க்க வேண்டிய வருஷம் அது. இது தான் நான் எதிர்பாக்காம வந்த பெரிய விஷயம். ஒன்னாம் ஆண்டு அட்மிஷனுக்கு வாக்காளர் இடாப்புல பேரு, வீட்டு உறுதி இல்ல பதிஞ்ச குத்தகை, இதுக்கெல்லாம் மார்க்ஸ் இருக்கு. தங்கச்சி கேட்டா, "அக்கா, ஹாஜியார்கிட்ட நேரா எங்க பேருக்கு ஒரு லீஸ் எழுதி வாங்கித் தர ஏலுமா"ன்னு. அம்மா ஒருத்தி தன் புள்ளைக்கு நல்ல ஸ்கூல் கேக்குறா, அத தப்புன்னு யாரு சொல்லுவா. ஆனா அப்பிடி எழுதினா ஒரே வீட்டுக்கு ரெண்டு லீஸ், என்னோடது என்னா ஆகும், ஹாஜியாரும் ஓம்னு சொல்ல மாட்டாரு. பொய்யா திகதி போட்டு பின்னுக்கு தள்ளி எழுதித் தாங்கன்னு நொத்தாரிஸ்கிட்ட கேக்குற ஆளுங்களும் இருக்காங்க, அதுல கை வைக்கவே வைக்காதீங்க, இன்டர்வியூவுக்கு பிறகு ஸ்கூல்ல இருந்து வந்து வீட்ட பாப்பாங்க, புள்ளையோட இடமே போயிடும். நாங்க மூணு பேரும் சேர்ந்து ஜீஎஸ் (கிராம சேவகர்) ஐயாகிட்ட போனோம், சம்மதக் கடுதாசியையும் அக்ரிமென்டையும் காட்டி, இந்த திகதியில இருந்து இவங்க இங்க உப வாடகைக்கு இருக்காங்கன்னு உள்ளத உள்ளபடி பதிஞ்சோம். பொலிசுல குடியிருப்பாளர் விபரம் கேக்குற படிவத்துலயும் அவங்க பேர சேர்த்தாச்சு. அது வதிவிடத்துக்கு சாட்சி, வீட்டுக்கு உரிமையில்லன்னு ஜீஎஸ் ஐயாவே ஹாஜியாருக்கு விளங்கப்படுத்தினதும் தான் அவருக்கு மனசு லேசாச்சு. புள்ளைக்கு டவுன் பெரிய ஸ்கூல் கெடைக்கல, பக்கத்துல இருக்குற நம்ம தமிழ் ஸ்கூல்ல கெடைச்சது, நல்லா படிக்கிறான். வீடு குடுக்க முன்னாடியே வர்ற குடும்பத்துல அஞ்சு வயசுல புள்ள இருக்கான்னு கேளுங்க, இருந்தா விலாசத்த பத்தி அன்னிக்கே பேசிடுங்க.

அந்த கடைசி வரி காப்பாத்தின கதைக்கு வாறேன். ஆகஸ்ட் லீவுல தங்கச்சியோட அண்ணன் குடும்பம் வந்து தங்கினாங்க. லீவு முடிஞ்சும் போகல. தோட்டத்துல லயத்துக்கு (வரிசையா கட்டின தொழிலாளர் வீடுகள்) பின்னால மேடு சரிஞ்சு காம்பராவுல இருக்க பயமா இருக்குன்னு வந்தவங்க. பொய்யில்ல, 2014ல மீரியபெத்தை மண்சரிவுல என்னா நடந்ததுன்னு பாத்த சனம் நம்ம சனம், மழ பிடிச்சா தூக்கம் வராது. ஆனா ரெண்டு ரூம் வீட்டுல ஏழு பேரு, தண்ணி டேங்க் காலையிலயே காலி, ஹாஜியார் வீட்டுல கீழ தண்ணி வராம போச்சு. ஹாஜியார் என்ன கூப்பிட்டு சத்தம் போடல, "டீச்சர், நாம எழுதினது என்னா?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் ஒரு சனிக்கெழம பதுளையில இருந்து ட்ரெயின்ல வந்து அவங்க கூட உக்காந்து பேசினேன். அண்ணன்கிட்ட நேரா சொன்னேன், "அண்ணே, உங்கள போக சொல்ல எனக்கு கஷ்டமா இருக்கு, ஆனா இந்த கடுதாசியில மூணு பேரு தான் இருக்கு, இத மீறினா தங்கச்சியும் சேர்ந்து வெளிய போகணும்." எழுதி இருந்ததால அது என் கோவமாவும் ஹாஜியாரோட கோவமாவும் படல. அவருக்கு விளங்கிச்சு. ரெண்டு கெழமையில டவுன்லயே ஒரு ரூம் பாத்து போனாங்க, அட்வான்சுக்கு கொறஞ்சத தங்கச்சி புருஷன் குடுத்தாரு. மேடு சரிஞ்ச விஷயத்த தோட்ட ஒபீசுக்கும் ஜீஎஸ்ஸுக்கும் எழுத்துல குடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து வந்து பாக்க சொல்லி கேக்கவும் வச்சோம்.

லயம்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன். கொழும்புக்கு வேலைக்கு போன குடும்பங்கள் லயக் காம்பராவ மாச வாடகைக்கு விடுறது இப்ப கூடிட்டு வருது. அது சப்லெட் கூட இல்ல, அதவிட ஆபத்து. லயக் காம்பரா தோட்டத்துக்கு சொந்தம், நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து நம்ம இருந்தாலும் கையில உறுதி இல்ல. காசு குடுத்து வர்ற குடும்பத்துக்கு எந்த கடுதாசியும் குடுக்க முடியாது, தோட்டத்துல தொர (மேனேஜர்) வந்து கேட்டா பதில் இல்ல, நாளைக்கு வீட்டுத்திட்டத்துல காணிக்கு பேரு எடுக்குறப்போ அந்த காம்பராவுல யாரு இருக்காங்கன்னு பாத்து பேரு எடுத்தா சொந்தக்காரங்களே வெளிய. தயவுசெஞ்சு காம்பராவ பூட்டிட்டு போங்க, இல்ல சொந்தத்துல ஒருத்தர இருக்க வைங்க, காசுக்கு விடாதீங்க.

நுவரெலியாவுல ஏப்ரல் சீசனுக்கும், ஹட்டன்ல டிசம்பர் போயாவுல இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மல சீசனுக்கும் வாடகை வீட்ட ராத்திரிக் கணக்குல விடுறவங்களும் இருக்காங்க. ஒரு வாரத்துல ஒரு மாச வாடகை வந்திரும், ஆச வர்றது இயல்பு. ஆனா ஓனர் சம்மதம் குடும்பம் ஒன்னு இருக்குறதுக்கு குடுத்தது, லொட்ஜ் நடத்த இல்ல. டூரிஸ்ட்மாருக்கு விடணும்னா சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில பதியணும், ஓனர் தனியா எழுதித் தரணும். ரெண்டும் இல்லாம செய்றத நான் ஒத்துக்க மாட்டேன், குடிச்சிட்டு வர்ற கூட்டம் பக்கத்து வீட்டு பொம்பள புள்ளைங்களுக்கு குடுக்குற தொந்தரவ நான் கண்ணால பாத்திருக்கேன்.

வீட்ட குடுக்குற அன்னிக்கு நானும் தங்கச்சியும் போன்ல வீடியோ எடுத்துட்டே ஒவ்வொரு ரூமா போனோம். பைப் ஒவ்வொன்னையும் தெறந்து மூடி, ஸ்விட்ச் போட்டு, ஜன்னல் கண்ணாடி, கதவு கொண்டி, லைட் மீட்டர் எண் வரைக்கும். நம்ம ஊருல முக்கியமா பாக்க வேண்டியது செவரு. தென்மேல் பருவ மழ பிடிச்சா ஹட்டன்ல ஜூன் ஜூலை முழுக்க வெயிலே இல்ல, மேட்டுப் பக்கத்து செவருல ஈரம் ஏறி கறுப்பு கறுப்பா பூஞ்சணம் பூக்கும், அலுமாரிய செவரோட ஒட்டி வச்சா பின்னுக்கு துணியே பழுதாகும். அந்த செவருல முன்னமே ஒரு கை அகலத்துக்கு கற இருந்திச்சு, அத வீடியோவுல கிட்ட புடிச்சு "இது முன்னுக்கே இருக்கு"ன்னு நான் என் வாயால சொல்லி வச்சேன். நவம்பர்ல பாக்குறப்போ அது ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்துச்சு. ஹாஜியார் பெயின்ட் செலவ அட்வான்ஸ்ல கழிக்க சொன்னாரு. நான் வீடியோவ காட்டி, ஈரம் வெளிய தண்ணி ஓடுற கானுல இருந்து வருது, கான் அடச்சிருக்கு, இது குடியிருந்தவங்க செஞ்சதில்லன்னு சொன்னேன். அவரு போயி கான பாத்துட்டு வந்து ஒன்னும் பேசல, கான வெட்டவும் பெயின்ட் அடிக்கவும் அவரே ஆள் போட்டாரு. ஒடஞ்ச கண்ணாடி ஒன்னுக்கும் ஒரு கொண்டிக்கும் மட்டும் தங்கச்சி காசு குடுத்தா. நடுவுல நிக்கிற நம்ம, கீழ இருக்குறவங்களுக்காகவும் பேசணும், ஓனர் சொன்னாருன்னு அப்பிடியே கழிச்சுடக்கூடாது.

எங்க விஷயம் சண்ட வரைக்கும் போகல. போனவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லலாம். காசு தகராறுன்னா நேரா லோயர் செலவுக்கு போக முன்னாடி மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போடுங்க, 1988ம் ஆண்டு 72ம் இலக்க சட்டத்துல வந்த சபைகள், ஊரு ஆளுங்க தான் உக்காந்து பேசி தீர்ப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒத்து வந்தா எழுதி கையெழுத்து வாங்குவாங்க. மத்தது, ஓனரோ நடுவுல இருக்குறவரோ கோர்ட் கட்டள இல்லாம பூட்ட மாத்தி சாமான வெளிய போட்டா, பொலிஸ் "இது சிவில் கேஸ்"னு சொன்னா அதோட வீட்டுக்கு போயிடாதீங்க. 1979ம் ஆண்டு 44ம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்துல 66வது பிரிவுல சமாதானம் கொழம்புற மாதிரி காணி வீட்டுத் தகராறுக்கு வழி இருக்கு, வழக்கு பதியிறதுக்கு முன்னுக்கு ரெண்டு மாசத்துக்குள்ள பலவந்தமா வெளியேத்தப்பட்டிருந்தா திரும்ப உள்ள விட சொல்லி கோர்ட்டால சொல்ல முடியும். அந்த ரெண்டு மாசம் ரொம்ப முக்கியம், பேசி பாப்போம் பேசி பாப்போம்னு தள்ளினா போயிடும். பெனிதெனியவுல எங்களுக்கு இத சொல்ல ஒருத்தரும் இருக்கல.

நவம்பர் கடைசியில தங்கச்சி குடும்பம் டிக்கோயா ரோட்டுல வேற வீட்டுக்கு போனாங்க, இந்த தடவ நேரா ஓனரோட அக்ரிமென்ட். அட்வான்ச அன்னிக்கே முழுசா குடுக்கல, கடைசி மாச லைட் பில்லும் தண்ணி பில்லும் அவங்க போன பிறகு தான் வரும், அதுக்கு மட்டும் கொஞ்சம் பிடிச்சு வச்சு, எவ்வளவு எதுக்குன்னு துண்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம். பில் ரெண்டும் டிசம்பர் நடுவுல வந்திச்சு, கட்டிட்டு மிச்சத்த அவ எக்கவுண்டுக்கு போட்டு, பில்லு ரெண்டையும் ஸ்லிப்பையும் தங்கச்சிக்கும் ஹாஜியாருக்கும் அனுப்பினேன். ஹாஜியார் என் லீச இன்னும் ரெண்டு வருஷத்துக்கு புதுப்பிச்சு குடுத்தாரு, உப வாடகைக்கு குடுக்கக்கூடாதுங்குற வரியில "ஓனரின் எழுத்துமூல சம்மதம் இன்றி"ன்னு சேர்த்து.